காதுக் கம்பியும் கொஞ்சம் இரும்புத் தூளும்

"கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்ன?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம் :-)

என் ப்ராஜெக்ட், பட்டறையில் வேலை செய்கிறவர்கள் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. அதிலும் முழுக் கண்ணாடி கூட இல்லை. காதில் மாட்டுகிற அந்த இரண்டு கம்பிகள்தான். ஆளுக்குத் தகுந்தபடி நீட்டவும் குறுக்கவும் சாய்க்கவும் வருகிற மாதிரி அவற்றை டிசைன் செய்ய வேண்டும். பக்கத்து பெஞ்சில் ஒருவன் ட்ரோன் செய்கிறான். இன்னொருவன் செயற்கை நுண்ணறிவில் நெல் நோய் கண்டுபிடிக்கிறான். நடுவில் நான் "கண்ணாடிக் கம்பி" என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் பெயர். கடையில் இந்தக் கம்பியை 'சைடு' என்பார்கள். டிசைன் புத்தகங்களில் 'டெம்பிள்' என்று இருக்கும். கோயில் இல்லை சாமி! ஆங்கிலத்தில் நெற்றிப் பக்கவாட்டில் இருக்கும் பொட்டுக்கும் அதே சொல். அந்தப் பொட்டைத் தொட்டுக்கொண்டு போவதால் கம்பிக்கும் அந்தப் பெயர்.

கண்ணாடி அணிகிற நண்பர்கள் இப்போதே கழற்றி, கம்பியின் உள்பக்கம் பாருங்கள். 52, 18, 140 என்கிற மாதிரி மூன்று எண்கள் பெரும்பாலும் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். கடையில் 135, 140, 145 என்று பல நீளங்களில் ஃப்ரேம் இருக்கும். சரியான ஒன்றைப் பார்த்து எடுத்து, பிறகு கடைக்காரர் சூடு காட்டிக் காதுக்குப் பின்னால் வளைத்தும் கொடுப்பார். அதாவது, படிப்பதற்குப் போடுகிற கண்ணாடிக்கு நம் முகத்தில் இவ்வளவு உபசாரம் நடக்கிறது. பறக்கிற இரும்பைத் தடுக்கிற கண்ணாடிக்கு? ஒரு டப்பாவில் பத்து, எல்லாம் ஒரே அளவு, எடுத்து மாட்டிக்கொள் என்பதோடு சரி.

கொஞ்சம் சரித்திரம். இத்தாலியில் 13-ம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடி வந்தபோது அதற்குக் கம்பியே கிடையாது. கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது மூக்கில் கவ்வ விட வேண்டும். கிட்டத்தட்ட 400 வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியிருக்கிறது. லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற கண்ணாடிக்காரர் 1730-ஐ ஒட்டிய வருஷங்களில் பக்கக் கம்பி வைத்த கண்ணாடியை விளம்பரம் செய்து விற்றார். 19-ம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளிக் கண்ணாடிகளில், ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீளும் கம்பிகள் சாதாரணமாகவே இருந்தன. ஆகவே நீட்டிக் குறுக்கும் கம்பி என் கண்டுபிடிப்பு என்று நான் மார்தட்டப் போவதில்லை. இன்றும் வெளிநாட்டு நிறுவனங்களின் பாதுகாப்புக் கண்ணாடிகளில் அது இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறை டப்பாவில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் நடந்து போனால் லேத் சத்தமும் கிரைண்டர் சத்தமும் கூடவே வரும் (மாவாட்டுகிற கிரைண்டரும் எங்கள் ஊர்ப் பெருமைதான், ஆனால் இது கையில் பிடித்து இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர்). ப்ராஜெக்டுக்காகச் சில சின்னப் பட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் கண்ணாடி இருக்கிறது. ஆணியில் தொங்குகிறது. டூல் பெட்டிக்குள் கிடக்கிறது. நெற்றிக்கு மேலே ஏறி நிற்கிறது. கண்ணுக்கு முன்னால்தான் அபூர்வமாக இருக்கிறது.

ஏன் போடுவதில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். "போட்டா மூக்குல எறங்கிக்கிட்டே இருக்குதுங்க தம்பி. ஒரு கையில கிரைண்டரு, இன்னொரு கையில கண்ணாடியப் புடிச்சுக்கிட்டா வேலை செய்யறது?" இன்னொருவருக்கு அதே கண்ணாடி பொட்டை அழுத்தி மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறதாம். ஒரே டப்பாவில் வந்த ஒரே கண்ணாடி, ஒருவருக்கு லூஸ், ஒருவருக்கு டைட்! அங்கேயே வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு அது கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொண்டைக்கும் பூவுக்கும் நடுவில் கம்பி மாட்டச் சரியான இடமும் இல்லை. இதை "விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கென்னவோ அவர்கள் மூன்று பேரும் டிசைன் விமர்சனம் சொன்ன மாதிரிதான் இருந்தது.

பட்டறைக்குப் பட்டறை 'தூள் எடுக்கிறவர்' என்று ஒருவர் இருப்பார். கண்ணில் தூள் விழுந்தால் ஓடிப்போய் அவரிடம் நிற்க வேண்டும். இமையைப் பிரித்து, மடித்த பேப்பர் முனையாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடுவார். கைராசிக்காரர் என்று மரியாதை வேறு. பயமாக இருக்கிறது, இல்லையா? இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டினால் சில மணி நேரத்திலேயே சுற்றிலும் துருப் படியத் தொடங்கும். அதைக் கண் டாக்டர் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, உருப்பெருக்கிக் கருவியில் பார்த்துக்கொண்டே, சுத்தமான ஊசி முனையால் எடுக்க வேண்டும். தீக்குச்சி போனால் கூடவே கிருமியும் போகும். கருவிழியின் நடுவில் புண் வந்து ஆறினாலும் தழும்பு நிற்கும், அந்த இடத்துப் பார்வை மங்கிவிடும். 1997-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ் ஒன்றில் மதுரைப் பகுதிக் கருவிழிப் புண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. 434 நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் புண்ணுக்கு முன்னால் கண்ணில் ஏதோ ஒரு சின்னக் காயம் பட்டிருந்தது. அவர்களில் நிறையப் பேர் விவசாயிகள். பட்டறையானாலும் வயலானாலும் சின்னக் காயம்தான் வாசல்.

அந்தப் பட்டறைகளில் ஒன்றில், ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணனைப் பார்த்தேன். வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெர்னியரைப் படிக்கும்போது முகத்தைத் திருப்பி இடது கண்ணுக்குக் கொண்டு போகிறார். நானாகவே, "கண்ணாடி போடலையாண்ணா அன்னைக்கு?" என்றேன். அவர் சொன்னதுதான் என் ப்ராஜெக்டையே இந்தப் பக்கம் திருப்பியது. "போட்டிருந்தனுங்க தம்பி. கீழ இருந்து வந்துருச்சு."

கீழே இருந்து. கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக.

இது அவர் ஒருவர் கதை என்று நினைத்தேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 1980-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கண்ணில் அடிபட்டவர்களில் ஐந்தில் மூன்று பேர் அந்த நேரத்தில் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் போட்டிருந்தும் அடிபட்டவர்களை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 94 பேருக்குப் பொருள் வந்த வழி கண்ணாடியின் பக்கவாட்டும் அடிப்பக்கமும்தான். லென்ஸை உடைத்துக்கொண்டு வந்தது அபூர்வம்.

ஏன் லென்ஸ் உடைவதில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.மீ. சக்கரம் போட்ட கை கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும். சக்கரத்தின் விளிம்பு ஓடும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர். அதாவது மணிக்கு 207 கி.மீ.! அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் துகள் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கிளம்பும். ஆனால் அதன் எடை மிகமிகக் குறைவு. அமெரிக்காவின் இசட்87.1 தரத்தில் வலுவான ரகக் கண்ணாடிக்கு வைக்கிற சோதனை என்ன தெரியுமா? 6.35 மி.மீ. எஃகுக் குண்டை விநாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். அது போதாதென்று 500 கிராம் எடையுள்ள கூர்முனைக் கட்டையை 127 செ.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். இரண்டுக்கும் லென்ஸ் தாங்க வேண்டும். தாங்குகிறது. காரணம் பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் என்று இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமலே கண்டுபிடித்த பிளாஸ்டிக். ஆக, பொருள் விஷயத்தில் வேதியியல்காரர்கள் தங்கள் வேலையை 70 வருஷம் முன்பே முடித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது அதை முகத்தோடு ஒட்டி நிறுத்துகிற வேலை. அந்த வேலையைச் செய்வது காதுக் கம்பியும் மூக்குப் பாலமும்தான்.

சரி, 'முகம்' என்றால் யார் முகம்? தரச் சோதனைகளில் கண்ணாடியை ஒரு பொம்மைத் தலையில் மாட்டித்தான் சுடுவார்கள். அமெரிக்கத் தரத்தின் அந்தத் தலை வெகுகாலம் சராசரி அமெரிக்க ஆணின் தலை. 2010-ல் வந்த பதிப்பில்தான் சின்னத் தலைக்கான கண்ணாடிக்கு 'எச்' என்ற தனிக் குறியீடு வந்தது. 2021-ல் வந்த சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 16321 வெவ்வேறு தலை அளவுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சராசரித் தலைக்குப் பொருந்திச் சான்றிதழ் வாங்கிய கண்ணாடி, நம் அக்காவின் கன்னத்தில் போய் உட்கார்ந்தால் ஆச்சரியம் என்ன?

இனி டிசைனுக்கு வருவோம். கம்பியில் மூன்று விஷயங்களை மாற்ற முடிய வேண்டும்.

1. நீளம். கம்பி நீளமாக இருந்தால் வளைவு காதுக்குப் பின்னால் தொங்கும், கண்ணாடி முன்னால் வழியும். குட்டையாக இருந்தால் வளைவு காதின் மேலேயே ஏறி நிற்கும். நான் எடுத்துக்கொண்டது நான்கு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 மி.மீ., மொத்தம் 12 மி.மீ. கடையில் இருக்கும் 135-லிருந்து 145 வரையான வித்தியாசம் இதற்குள் அடங்கிவிடும்.

2. சாய்வு. இதுதான் அந்த அண்ணனின் 'கீழ இருந்து'வுக்குப் பதில். கம்பி ஃப்ரேமோடு சேரும் இடத்தில் பல்பல்லாக வைத்து, 5 டிகிரிக்கு ஒரு நிறுத்தம். லென்ஸின் உயரம் 45 மி.மீ. என்றால், 5 டிகிரி சாய்க்கும்போது அதன் அடி விளிம்பு கன்னத்தை நோக்கி ஏறத்தாழ 4 மி.மீ. நகரும். இரண்டு பல் தள்ளினால் 8 மி.மீ. ஒரு விரல் நுழையும் இடைவெளி அடைபட இது போதும். கன்னம் உப்பியவர்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பல். அடி விளிம்பு கன்னத்தைத் தொட்டாலும் தொல்லைதான். வியர்வையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் லென்ஸில் பனி படர்ந்துவிடும், அடுத்த நிமிஷம் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும்.

3. அழுத்தம். என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். கம்பி என்பது ஒரு முனையில் பிடித்த சட்டம், நாம் இரண்டாம் வருஷம் படித்த அதே கான்டிலீவர். 90 மி.மீ. நீளம், 6 மி.மீ. உயரம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள பாலிகார்பனேட் கம்பியைத் தலை 10 மி.மீ. வெளியே தள்ளினால், அது ஏறத்தாழ 75 கிராம் எடைக்குச் சமமான விசையோடு பொட்டை அமுக்கும். தடிமனை வெறும் அரை மி.மீ. கூட்டி 3 ஆக்குங்கள். விசை 130 கிராம்! தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் விசை ஏறுகிறது. உடையக்கூடாது என்று அச்சில் அரை மி.மீ. சேர்த்துவிட்டால் அதுதான் மத்தியானத் தலைவலி.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. நீளத்திலும் அதே மும்மடி, ஆனால் தலைகீழாக. கம்பியை 12 மி.மீ. நீட்டினால் அதே தள்ளலுக்கு விசை சுமார் 30 சதவீதம் குறைகிறது. பெரிய தலைக்காரர் கம்பியை நீட்டுவார். அவர் தலை அகலமாகவும் இருந்தால் தள்ளலும் கூடும். ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, அழுத்தம் ஓரளவு தானாகவே சமனாகிறது. இதற்கென்று தனியாக ஒரு திருகு வைக்கத் தேவையில்லை. கணக்கில் இது வந்து விழுந்த ராத்திரி ஹாஸ்டல் ரூமில் தனியாகச் சிரித்தேன். ரூம்மேட் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டான்.

காகிதத்தில் இதெல்லாம் அழகு. பட்டறைக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. நழுவும் பள்ளத்துக்குள் இரும்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிப் பூட்டை அடைத்துவிடும். அதனால் பள்ளத்தின் அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டேன், தூள் தானாக உதிரட்டும். கையுறை போட்ட கைக்குக் குட்டி பட்டன் தெரியாது, சத்தத்தில் 'டிக்' என்ற ஓசை கேட்காது. ஆகவே ஒவ்வொரு நிலையும் விரலுக்கு உறைக்கிற மாதிரி பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். திருகாணி வைத்தால் அது ஒரு நாள் கழன்று விழும், பிறகு அந்த இடத்தில் செம்புக் கம்பிதான். அதனால் அழுத்தி மாட்டுகிற முளை. காதடைப்பான் போடுகிறவர்களுக்குக் கம்பி தட்டையாக இருக்க வேண்டும். தடித்த கம்பி காதடைப்பானின் மெத்தையைத் தூக்கிவிடும், அந்தச் சந்தில் சத்தம் உள்ளே போகும். கண்ணைக் காப்பாற்றப் போய்க் காதை விட்ட கதையாகிவிடும். அப்புறம் தின்னர். பெயின்ட் பட்ட லென்ஸைத் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது பட்டறை வழக்கம். பாலிகார்பனேட்டுக்கு அது விஷம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விட்டு வலு போய்விடும். இதை டிசைனால் தடுக்க முடியாது. கம்பியின் உள்பக்கம் "தின்னர் கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும்" என்று தமிழில் அச்சுப் போடலாம். போட்டிருக்கிறேன்.

ரிவ்யூவில் ஒரு சார் கேட்டார்: "இவ்வளவு எதுக்குப்பா? ஒரு எலாஸ்டிக் போட்டா எல்லாத் தலைக்கும் பொருந்துமே?" நியாயமான கேள்வி. தொழிற்சாலை கண்கவசங்களில் எலாஸ்டிக்தான் இருக்கிறது, பாதுகாப்பும் அதில் அதிகம். ஐரோப்பாவின் 2001-ம் வருஷத்து இ.என். 166 தரத்தில் கம்பி வைத்த கண்ணாடிக்கு விநாடிக்கு 45 மீட்டர் சோதனைதான் உச்சம், முகத்தை மூடும் கண்கவசத்துக்கு 120 மீட்டர் வரை போகலாம். நாள் முழுக்க கிரைண்டர் பிடிப்பவருக்குக் கவசமே சரி. ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் ஒருவர் ஒரு வேலையை நாள் முழுக்கச் செய்வதில்லை. பத்து நிமிஷம் தேய்ப்பார், அளப்பார், போன் பேசுவார், டீ குடிப்பார், மறுபடி தேய்ப்பார். எலாஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு கையால் போட்டுக் கழற்ற முடிகிற கம்பிதான் கண்ணில் தங்கும். மேலும் ஒரே கண்ணாடியை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுகிற இடங்களில், வியர்வை ஊறிய எலாஸ்டிக்கைத் தொடவே பிடிக்காது. கம்பியைத் துடைத்துவிட்டு, ஒரு பல் தள்ளிக்கொண்டு, மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் சார் கேட்காத ஒரு கேள்வி எனக்குள் இருக்கிறது. கண்ணாடியை நான் நன்றாகச் செய்யச் செய்ய, "கண்ணாடிதான் கொடுத்தாச்சே, அவன் சரியா மாட்டலை" என்று சொல்ல முதலாளிகளுக்கு வசதி செய்து கொடுக்கிறேனோ? 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவு கண் பாதுகாப்புக்கு இரண்டு வழி சொன்னது: தகுந்த தடுப்புத் திரை, அல்லது பொருத்தமான கண்ணாடி. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் இயந்திரத்துக்கு மறைப்பு. கிரைண்டரில் கம்பெனி கொடுத்த கார்டைக் கழற்றி எறியாமல் இருப்பது. பக்கத்து ஆளுக்குத் தெறிக்காமல் நடுவில் ஒரு தகரம். இதெல்லாம் முடிந்த பிறகும் தெறிக்கிற மிச்சத்துக்குத்தான் கண்ணாடி. அடுத்து அந்தப் 'பொருத்தமான' என்ற சொல். சட்டம் எழுதியவர்கள் வேலைக்குப் பொருத்தமான என்று நினைத்திருக்கலாம். நான் அதை மூக்குக்கும் காதுக்கும் கன்னத்துக்கும் பொருத்தமான என்று படிக்கிறேன். பொருந்தாத கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, போடாதவரைத் திட்டுவது நியாயமே இல்லை.

விலை? சாதாரணக் கண்ணாடி நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. என் கம்பியில் கூடுதலாக இருப்பது ஒரு நழுவும் துண்டு, ஒரு பல்சக்கர முளை, பக்கத்துக்கு ஒன்றாக. விலை கூடத்தான் செய்யும், கொஞ்சம். ஆணியில் தொங்கும் கண்ணாடி இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தானே?

இப்போது முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரிகள் இரண்டு பட்டறைகளில் தலைக்குத் தலை மாறிக்கொண்டிருக்கின்றன. அவை பொருத்தம் பார்க்க மட்டும், தெறிக்கிற வேலைக்குக் கொடுக்கவில்லை. மோதல் சோதனையில் தேறாத எதையும் பாதுகாப்புக் கண்ணாடி என்று யார் முகத்திலும் மாட்ட எனக்கு உரிமை கிடையாது. அக்கா முதல் நாளே பிடித்துவிட்டார்: "தம்பி, கம்பி முனை கொஞ்சம் மெல்லிசா இருந்தா பூ வச்சாலும் மாட்டிக்கலாங்க." குறித்துக்கொண்டேன். எந்தத் தரப் புத்தகத்திலும் இல்லாத குறிப்பு அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ மாமாவோ தெருமுனை வெல்டிங் கடை அண்ணனோ கண்ணாடி போட்டிருந்தால், பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா? நுழைந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே வழிகிறது, எத்தனை நிமிஷத்தில் கழற்றத் தோன்றுகிறது, எல்லாம் வேண்டும். கண்ணில் தூள் விழுந்தால் கைராசிக்காரரிடம் போகாமல் கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அதற்கு என் ப்ராஜெக்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.